எல்லோ லேப் கூட என்ன மீன் விடலாம்?

4 அடி டேங்க், சுமார் 240 லிட்டர், எல்லோ லேப் (மஞ்சள் நிற ஆப்பிரிக்க சிக்லிட் மீன்) கூட்டத்தோட ஒரு ஆண் ஆரட்டஸ் (அதுவும் ஒரு ஆப்பிரிக்க சிக்லிட்) இருக்கு, போன மாசம் அது மஞ்சள்லேர்ந்து கருப்பா மாறுனதுலேர்ந்து யாரையும் விடமாட்டேங்குது, ஒரு எல்லோ லேப் வால் கிழிஞ்சு ஹீட்டர் பின்னாடியே ஒளிஞ்சு கிடக்கு, தீனிக்கு கூட வெளிய வரல, பாக்கவே கஷ்டமா இருக்கு. தண்ணில குறை இல்ல, பிஎச் 8, 26 டிகிரி, அம்மோனியா நைட்ரைட் ரெண்டும் ஜீரோ. கல்லெல்லாம் மாத்தி அடுக்குனேன், பொந்து கூட்டுனேன், ஆரட்டஸ தனியா பிரிச்சு வெச்சு திரும்ப விட்டேன், கொஞ்ச நாள் சும்மா இருந்துட்டு மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. அத எப்படியும் வெளிய எடுக்கப்போறேன். ஏஞ்சல், டிஸ்கஸ் இந்த கடின தண்ணிக்கு சரிப்படாது. எல்லோ லேப் கூட ரஸ்டி சிக்லிட் விடலாமா இல்ல சைனோடான்டிஸ் கெளுத்தியா, எது ஒத்துப்போகும்?