வளைவுக் காசும் மாற்கு மாஸ்டரின் படமும்

அன்பான ஊரவர்களுக்கு,

ஊர்க் கோயில் வீதியில் அலங்கார வளைவு கட்ட ஆளுக்கு 250 டொலர் கேட்டு லண்டன் அண்ணை எழுதிய மடல் கிடைத்தது. நான் இன்னும் அனுப்பவில்லை. ஏன் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சரி, எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

தங்கச்சி போன மாதம் ஊருக்குப் போய் வந்தவ. ஓவியர் மாற்கு பெரியப்பாவுக்குக் கொடுத்த படம் பெரியம்மா வீட்டு விறாந்தையில் இன்னும் தொங்குகிறது. ஆனால் ஓட்டு ஒழுக்கு அந்தச் சுவராலேதான் இறங்குகிறது. பெண்ணின் முகத்தில் பாதி பூஞ்சணம். சட்டத்தில் கறையான். தங்கச்சி அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு எனக்கு நித்திரை வரவில்லை.

சின்ன வயதில் அந்த முகத்துக்குப் பயந்து விறாந்தையால் ஓடுவோம். கண் ஒரு கோணத்தில், மூக்கு இன்னொரு கோணத்தில். பெரியப்பாதான் பிடித்து நிறுத்தி, ஒரே முகத்தை இரண்டு பக்கத்தில் இருந்தும் பார்க்கிறாய் என்று விரலால் காட்டினார். பூச்சாடியும் வாழைப்பழமும் கீறுவதுதான் சித்திரம் என்றிருந்த எனக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாற்கு 1933இல் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவர். கொழும்பில் ஓவியம் படித்துவிட்டு வந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் சித்திரம் படிப்பித்தார். வாசுகி, அருந்ததி போன்ற பெண் பிள்ளைகள் ஓவியராக வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியமா? 1987இல், அத்தனை பிரச்சினைக்கு நடுவிலும், அவருக்கு ‘தேடலும் படைப்புலகமும்’ என்று சிறப்பு மலர் போட்டார்கள். 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது அவருடைய படங்கள் பெருந்தொகையாய் அழிந்து போயின. 2000இல் அவரும் போய்விட்டார். வீடுகளில் தப்பிக் கிடப்பவைதான் மிச்சம். அதில் ஒன்று எங்கள் ஊரில் நனைகிறது.

வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசிகசாலைக் கூரைக் கணக்கே இன்னும் வரவில்லை. பற்றுச்சீட்டு எங்கே என்று மூன்று தரம் எழுதினேன். இதற்கு மொன்றியல் மச்சானுக்குக் கோபம் வரும், வரட்டும். 

என் 250 டொலரும் தங்கச்சியின் 250 டொலரும் முதலில் பெரியம்மா வீட்டுக் கூரைக்கும், படத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வருவதற்கும் போகும். பற்றுச்சீட்டை இந்தக் குழுவிலேயே போடுவேன். வேறு யார் வீட்டிலாவது மாஸ்டரின் படம் இருந்தால், ஒரு சின்னக் கீறலாய் இருந்தாலும், போட்டோ எடுத்து அனுப்புங்கள். துடைக்க வேண்டாம், வார்னிஷ் பூசவும் வேண்டாம்.

பெரியம்மாவுக்கு நேற்றே போன் பண்ணினேன். படத்தைக் கழற்றி உள்ளறைக் கட்டிலில் நிமிர்த்தி வைத்திருக்கிறாவாம். தானும் அந்த அறையிலேதான் படுக்கிறாவாம்.