டக்ட் சுத்தம் பண்ணியும் தூசி குறையல. எப்படி அளந்து பாக்கது?

திசையன்விளைக்காரன்:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். அண்ணன் துபாய்ல இருந்து வந்து கட்டின வீடு, மாடி முழுக்க டக்ட் ஏசி (சீலிங்குக்கு மேல போற குழாய் வழியா காத்து வரும்). போன வாரம் ஆள் வந்து சுத்தம் பண்ணிட்டுப் போனாவ. ‘முன்ன, பின்ன’ போட்டோவும் போன்ல காட்டினாவ. மூணாம் நாளே டிவி மேசைல விரலால பேரு எழுதலாம்! தூசி மீட்டர்ல பி.எம். 2.5, அதாவது நுண்தூசி அளவு, முன்ன 48, இப்ப 55. அம்மாவுக்கு வீசிங் வேற. ஏமாந்துட்டோமா?

பாளை மெக்கானிக்:
அந்த ரெண்டு நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. ஆடிக் காத்துல தேரிச் செம்மண்ணு பறக்குத ஊரு உங்களுது. அன்னைக்கு வெளிய எவ்வளவு இருந்துச்சு? வீட்டுக்குள்ளயும் வெளியயும் ஒரே நேரத்துல அளக்கணும். ஜன்னல் சாத்தி, புளோயர் (ஏசி காத்தாடி) ஓடி ஒரு மணி நேரம் கழிச்சு, தினமும் அதே நேரத்துல, ஒரு வாரம். அந்த நேரம் வீட்டுல தாளிக்கக் கூடாது, ஊதுபத்தியும் கூடாது.
இன்னொண்ணு, மேசைல படியுத மண்ணை அந்த மீட்டர் எண்ணவே எண்ணாது. 2.5 மைக்ரான்னா தலைமுடி தடிமன்ல ஏறக்குறைய முப்பதுல ஒரு பங்குதான். மேசைத் தூசி என்ன நிறம்? அதைச் சொல்லுங்க முதல்ல.

திசையன்விளைக்காரன்:
செக்கச்செவேல்னு இருக்கு. கூடவே வெள்ளையா மாவு மாதிரி.

தோஹா டெக்னீஷியன் (ஊரு நாங்குநேரி):
வெள்ளை ஃபால்ஸ் சீலிங் மாவா இருக்கும். ரிட்டர்ன் டக்ட் (ரூம் காத்தை ஏசிக்குத் திரும்ப இழுக்குத குழாய்) ஜாயிண்ட் விட்டிருந்தா சீலிங்குக்கு மேல கிடக்குத தூசியை எல்லாம் உறிஞ்சும். டக்டை எத்தனை வாட்டி தேச்சாலும் திரும்ப வரும்.
சுத்தம் பண்ணினது சரியான்னு பாக்க அமெரிக்காவுல நாட்கான்னு டக்ட் சுத்தம் பண்ணுதவங்க சங்கத்து அளவு ஒண்ணு உண்டு: வாக்குவம் வச்சு உறிஞ்சி எடை போட்டா 100 சதுர செ.மீ.க்கு 0.75 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. நம்மூர்ல அதுக்கு யாரு தராசு கொண்டு வருவா? போட்டோல உங்க வீட்டு கிரில்தான் (டக்ட் வாய்ல உள்ள மூடி) இருக்கான்னாவது பாருங்க.

வள்ளியூர் அக்கா:
வீசிங்குக்காகன்னா ரொம்ப நம்பாதீங்க தம்பி. டக்ட் சுத்தம் பண்ணினா நோய் வராதுன்னு நிரூபணம் ஆகலன்னு அமெரிக்க சுற்றுச்சூழல் முகமையே சொல்லுது. உள்ள பூஞ்சையோ, எலியோ, அடைக்கிற அளவு தூசியோ இருந்தாத்தான் செய்யச் சொல்லுதாவ. அம்மாவை டாக்டர்ட்ட காட்டுங்க.

பாளை மெக்கானிக்:
நாங்குநேரித் தம்பி சொன்னது சரி. சீலிங் மூடியைத் திறந்து, புளோயரை ஓடவிட்டு, ஜாயிண்ட் பக்கத்துல ஊதுபத்தி காட்டுங்க. புகை உள்ள இழுபட்டா அங்கதான் ஓட்டை.

திசையன்விளைக்காரன்:
பாத்தாச்சு அண்ணாச்சி. ரிட்டர்ன் பெட்டி மூலைல புகை சர்ருன்னு உள்ள போகுது. ரெண்டு விரல் நுழையும். போட்டோல உள்ள கிரில் வட்டம், எங்க வீட்டுல எல்லாம் சதுரம். சுத்தம் பண்ணினவங்களுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்காவ. ஓட்டையை அடைக்க அலுமினிய டேப்பு போதுமா, இல்ல மாஸ்டிக் (ஓட்டை அடைக்குத பசை) பூசணுமா?

பாளை மெக்கானிக்:
ரெண்டு விரல் இடைவெளிக்கு டேப்பு நிக்காது. தகடு வெட்டி வச்சு ஸ்குரூ அடிச்சு, சுத்தி மாஸ்டிக் பூசுங்க. அது காஞ்சதும் ஃபில்டரைக் கழுவிட்டு, அந்த ஒரு வார அளவை ஆரம்பிங்க.