எக்செல் தெரிந்தவர்கள் உதவுங்கள்: கோயில் சந்தாக் கணக்கில் பெயர் வைத்த ரேஞ்ச்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலின் சந்தாக் கணக்கை எக்செல்லில் போடுகிறேன். ஜனவரி ஷீட்டில் பணம் இருக்கும் கட்டங்களுக்கு 'யூரான்' (மலாயில் சந்தா) என்று பெயர் வைத்தேன், =சம்(யூரான்) என்று போட்டால் யார் பார்த்தாலும் புரிகிறது, கமிட்டியில் இருக்கும் பெரியவர்களுக்கும் அதுதான் வசதி. அப்புறம் அந்த ஷீட்டையே காப்பி எடுத்துப் பிப்ரவரி, மார்ச் என்று செய்தேன். இப்போது மொத்தக் கணக்கு ஷீட்டில் அதே ஃபார்முலா ஜனவரித் தொகையை மட்டும்தான் காட்டுகிறது.

வைத்த பெயர்களைப் பட்டியலிடும் நேம் மேனேஜரில் பார்த்தால் ஜனவரியின் யூரான் ஒர்க்புக் முழுவதற்கும், மற்றவை அந்தந்த ஷீட்டுக்கு மட்டும் என்று இருக்கிறது. ஷீட் பெயரையும் ஆச்சரியக்குறியையும் முன்னால் போட்டால் சரியாக வருகிறது, ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கும் அப்படியே எழுதுவதா, ஷீட் பெயரை ஒரு கட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் இன்டைரெக்ட் போடுவதா, இல்லை எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் டேபிளாக்கி, மாதத்தைக் குறிக்க ஒரு நெடுவரிசை வைத்து, நிபந்தனைப்படி கூட்டும் சம்இஃப்ஸ் போடுவதா? டேபிள் என்றால் கடைசியில் புதுக் குடும்பத்தைச் சேர்த்தாலும் தானாக நீளும், அதனால் எனக்கு அதில்தான் மனம் போகிறது. ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) கணக்குக் காட்ட வேண்டும், இப்படிச் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.