ஹெட்டெரோபிளாஸ்டிக்குத் தமிழ்: ‘கன்று வேற்றுரு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

போன வாரம் ‘ஹெட்டெரோபிளாஸ்டி’யை, அதாவது ஒரு செடியின் கன்றுப் பருவ உருவமும் முதிர்ந்த உருவமும் வெவ்வேறாக இருப்பதை, தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தேன். உடனே பல பரிந்துரைகள் வந்தன, எல்லோருக்கும் நன்றி. ஆனால் எந்த மரத்துக்காகக் கேட்கிறேன் என்று சொல்லாமல் கேட்டது என் தவறு. மரத்தைத் தெரியாமல் சொல்லை மட்டும் வைத்துப் பேசியதால், நல்ல நல்ல சொற்கள் வேறு பொருளுக்குப் போய்விட்டன. அதனால் முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு சிற்றிதழுக்காக ரோட்ரிகஸ் தீவின் ‘கஃபே மரோன்’ பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மொரீசியசுக்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீவு அது. பரப்பு 108 சதுர கிலோமீட்டர்தான். கஃபே மரோனுக்குப் பூர்வீகம் அந்த ஒரே தீவு. அறிவியல் பெயர் ரமோஸ்மேனியா ரோட்ரிகேசியை. காப்பி, வெட்சி, நுணா இவற்றின் குடும்பம். சிறிய மரம், வெள்ளை வெளேரென்று ஐந்து இதழோடு விண்மீன் போலப் பூக்கும்.

இந்த மரம் அழிந்துவிட்டது என்றே தாவரவியலாளர்கள் நினைத்திருந்தார்கள். 1980-ல் ரோட்ரிகஸில் ஒரு பள்ளி ஆசிரியர், தீவின் அரிய செடிகளைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொன்னார். ஒரு மாணவன் கொண்டுவந்து காட்டிய கிளை கஃபே மரோனுடையது. தீவு முழுக்கத் தேடியும் அந்த ஒரு மரம்தான். செய்தி பரவியதும் மருந்துக்கு என்று கிளை ஒடிக்க ஆட்கள் வந்தார்கள். வேலி போட்டார்கள், அது போதாமல் அதைச் சுற்றி இன்னொரு வேலி. 1986-ல் அதன் கிளைத் துண்டுகள் லண்டன் க்யூ தாவரவியல் தோட்டத்துக்குப் போயின. வேர் பிடித்தது, வளர்ந்தது, பூத்தது. ஆனால் காய்க்கவில்லை. மகரந்தத்தை எடுத்து வைத்தாலும் அது சூலகம் வரை இறங்கவில்லை. 2003-ல் கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் சூலகமுடியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். விடாமல் பல பூக்களில் முயன்ற பிறகு காய் பிடித்தது. 1986-லிருந்து கணக்கிட்டால் 17 ஆண்டுகள்.

என் கேள்வி இங்கேதான் பிறந்தது. அந்த விதைகளிலிருந்து வந்த கன்றுகளின் இலை, பெரிய மரத்தின் இலை போல இல்லை. பெரிய மரத்து இலை பச்சை, பளபளப்பு, நீள்வட்டம். கன்றின் இலையோ ஒடுங்கி நீண்டு, பழுப்பு நிறத்தில், காய்ந்த சருகு போலத் தொங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மரம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். கன்று ஓர் உயரத்தைத் தாண்டியதும் மரத்தின் இலை வரத் தொடங்குகிறது.

ஏன் இப்படி என்பதற்கு அறிஞர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம், ஆமை. ரோட்ரிகஸில் இரண்டு வகை ராட்சத ஆமைகள் இருந்தன. 1691-ல் அங்கே வந்து இரண்டு ஆண்டு தங்கிய பிரெஞ்சுக்காரர் ஃபிரான்சுவா லெகுவா, தரையில் கால் வைக்காமல் ஆமை முதுகுகளின் மேலேயே நூறு அடிக்கு மேல் எடுத்து வைத்து நடக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அத்தனை வாய்களுக்கு நடுவே ஒரு கன்று பிழைக்க வேண்டும். ஆமையின் கழுத்து எட்டும் உயரம் வரை சருகு வேடம்; எட்டாத உயரத்துக்குப் போனதும் பச்சை இலை. 18-ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஆமைகளை உணவுக்கு ஏற்றிப் போனார்கள். 1800 வாக்கில் இரண்டு வகையும் தீர்ந்துவிட்டன. மொரீசியஸ், ரோட்ரிகஸ் தீவுகளின் மரங்கள் பலவற்றில் இதே வேடம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் இன்னும் மிச்சமிருக்கும் வேறொரு வகையான அல்டாப்ரா தீவு ராட்சத ஆமைகளுக்கு இத்தகைய மரங்களின் இரு வகை இலைகளையும் கொடுத்துப் பார்த்த ஆய்வும் இந்த விளக்கத்துக்கு வலு சேர்த்தது. ஆமை போய் இருநூறு ஆண்டு ஆன பிறகும் கஃபே மரோன் கன்று இன்னும் ஆமைக்கு ஒளிந்துகொண்டிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு மனசு கனத்துப் போகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கன்றின் உருவமும் முதிர்ந்த மரத்தின் உருவமும் இப்படித் திட்டவட்டமாக வேறுபட்டிருப்பதைத்தான் ஹெட்டெரோபிளாஸ்டி என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோபெல் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். கிரேக்கத்தில் ‘வேறு’, ‘முளை’ என்ற இரண்டு பகுதிகள். அதை அப்படியே பெயர்த்து ‘வேற்றுமுளைமை’ என்று ஒரு நண்பர் தந்திருந்தார். முளை என்றதும் நமக்கு விதை முளைப்பது நினைவுக்கு வருகிறது. இங்கே பேச்சு அதற்குப் பிறகு வரும் பல ஆண்டுகளைப் பற்றியது. பிள்ளைகளுக்கு அது குழப்பும்.

இன்னொருவர் ‘தளிர் வேறுபாடு’ என்றார். கேட்க இனிமையான சொல். ஆனால் தளிர் என்பது இலையின் வயது. மாமரத்தைப் பாருங்கள்: செம்பு நிறத்தில் தளிர்விட்டு, பிறகு பச்சையாகிறது. நூறு வயது மாமரமும் தளிர்விடும். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று நாம் வரிசைப்படுத்துவதெல்லாம் ஒரே இலையின் வாழ்க்கை. கஃபே மரோன் கன்றில் இருக்கும் பழுப்பு இலை, முற்றி உதிரும் வரை அதே உருவத்தில்தான் இருக்கும். அது பச்சை இலையாக மாறுவதில்லை. மாறுவது செடி. அது ஒரு வயதுக்குப் பிறகு வேறு இலையை விடுகிறது. ஆகவே நமக்கு வேண்டிய சொல் செடியின் வயதைச் சுட்ட வேண்டும்.

‘பருவ ஈருருமை’ என்ற பரிந்துரைக்குத்தான் அதிக ஆதரவு வந்தது. நானும் இரண்டு நாள் அதையே வைத்து எழுதிப் பார்த்தேன். சிக்கல் ‘பருவம்’ என்ற சொல்லில் இருக்கிறது. வயதும் பருவம், மழைக்காலமும் பருவம். மழைக்காலத்தில் ஓர் உருவமும் வறண்ட காலத்தில் ஓர் உருவமும் காட்டும் வண்ணத்துப்பூச்சிகள் நம் ஊரிலேயே உண்டு. அவற்றைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் ‘பருவ ஈருருமை’ கட்டாயம் தேவைப்படும். அந்தச் சொல்லை அவர்களுக்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

‘வேற்றிலைமை’ நல்ல சொல், ஆனால் அது ஹெட்டெரோஃபில்லிக்குப் பொருந்தும். ஒரே செடியில் எந்தக் காரணத்தாலும் இலை வேறுபடுவது அது. குளத்துச் செடிகள் சிலவற்றில் நீருக்குள் இருக்கும் இலை நூல் நூலாகப் பிரிந்திருக்கும். நீருக்கு மேலே அதே தண்டில் அகன்ற இலை இருக்கும். அங்கே வயதுக்கு வேலை இல்லை, நீரும் காற்றும்தான் காரணம். நம் பலாவின் அறிவியல் பெயரிலேயே, ஆர்டோகார்பஸ் ஹெட்டெரோஃபில்லஸ் என்று, இந்தச் சொல் இருக்கிறது. நர்சரிக்குப் போனால் பலாக்கன்றுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில இலைகள் இரண்டு மூன்று மடலாகப் பிளந்திருக்கும். காய்க்கிற பலாவில் அப்படிப் பார்க்க முடியாது.

இப்போது என் பரிந்துரை: கன்று வேற்றுரு. இங்கே எழுதும் முன், கட்டுரை வரைவோடு இதைச் சில நண்பர்களிடம் தனியே காட்டியிருந்தேன்.

‘கன்று’ எனக்குத் தோன்றியது அகராதியிலிருந்து இல்லை. தொல்காப்பிய மரபியலில், இளமைப் பெயர்களைச் சொல்லி வரும் இடத்தில், ‘பிள்ளை குழவி கன்றே போத்தெனக் கொள்ளவும் அமையும் ஓரறிவுயிர்க்கே’ என்று ஒரு நூற்பா வருகிறது. செடிகொடிகளின் இளமைக்கு இந்த நான்கு பெயர்களும் பொருந்தும் என்பது பொருள். தென்னம்பிள்ளை, மாங்கன்று என்று இன்றும் அவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். போத்தும் நம்மிடம் இருக்கிறது. வீட்டில் முருங்கை வைக்க வேண்டுமானால் பக்கத்து வீட்டில் ஒரு போத்து வெட்டி வாங்கி வருவோம் இல்லையா, அந்தப் போத்து.

கன்று விதையிலிருந்து வருவது. போத்து வளர்ந்த மரத்தின் கிளையிலிருந்து வருவது. க்யூவில் 17 ஆண்டுகள் இருந்தவை போத்திலிருந்து வந்தவை. முதிர்ந்த மரத்தின் கிளை வேர்பிடித்தால் அது முதிர்ந்த இலையையே விட்டுக்கொண்டிருக்கும், இளமைக்குத் திரும்பாது. விதை விழுந்து கன்று வந்த பிறகுதான் சருகு இலை அங்கே தெரிந்தது. ஆக, இந்த இயல்பு போத்தில் இருக்காது, கன்றில்தான் இருக்கும். ‘கன்று’ என்று சொன்னதுமே பாதி விளக்கம் முடிந்துவிடுகிறது. கிரேக்கச் சொல்லில்கூட இந்தத் தெளிவு இல்லை.

‘வேற்றுரு’ பழகிய சொல். மாறுவேடம் என்ற சாயல் அதில் உண்டு. அந்தச் சாயல் இருப்பது எனக்குச் சம்மதம். ஆமை விளக்கத்தோடு அது ஒத்துப்போகிறது. ‘உருமாற்றம்’ வேண்டாம், அது புழு வண்ணத்துப்பூச்சியாவதற்கு ஏற்கெனவே போய்விட்டது.

இதனோடு துணைச் சொற்களாகக் ‘கன்றிலை’, ‘மரவிலை’ இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ‘முதிரிலை’ என்று முதலில் எழுதினேன். முற்றிப்போன இலை என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று மாற்றிவிட்டேன். இந்த வேறுபாடு இல்லாமல், சின்னதிலிருந்து பெரியது வரை ஒரே மாதிரி இலைவிடும் வகைகளுக்குக் ‘கன்று ஓருரு’ சரியாக வரும்.

கன்று என்றால் மாட்டுக்கன்று நினைவு வரும் என்று ஒரு தனிமடல் வந்தது. மரக்கன்று நடும் விழா நடக்காத பள்ளிக்கூடம் உண்டா? பிள்ளைகளுக்கு இதில் குழப்பமே வராது.

இன்னொரு கேள்விதான் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது. நீலகிரிக்காரர் ஒருவர் தைலமரத்தைக் காட்டினார். நானும் சிறுவயதில் கோத்தகிரியில் பார்த்தது அது: கன்றில் இலைகள் காம்பில்லாமல், எதிரெதிராக, வட்டமாக, திருநீறு பூசியது போல நீலம் கலந்த வெண்மையாக இருக்கும், பெரிய மரத்தில் அரிவாள் போல நீண்டு தொங்கும். பெரிய மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர்களில் மறுபடி அந்த வட்ட இலையே வருகிறது. ‘அது கன்று இல்லையே, அங்கே கன்றிலை என்று எப்படிச் சொல்வது?’ என்பது அவர் கேள்வி.

என் பதில்: கன்றிலை என்பதை ஓர் உருவத்தின் பெயராக எடுத்துக்கொள்ளலாம். அடிக்கட்டைத் துளிரில் ‘கன்றிலை திரும்ப வந்தது’ என்று எழுதினால் பொருள் தெளிவாகவே இருக்கிறது. மரத்தின் அடிப்பகுதி தன் இளமையை விட்டுவிடவில்லை, நுனிக் கிளைதான் முதிர்ந்தது என்ற தாவரவியல் உண்மையும் அதில் வந்துவிடுகிறது. அவருக்கு இது போதுமா என்று தெரியவில்லை. மறுப்பு இருந்தால் எழுதட்டும்.

மரத்தின் பெயரையும் ‘காட்டுக் காப்பி’ என்று தமிழாக்கலாமே என்று வரைவைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. காட்டில் வளரும் காப்பிக் குடும்பச் செடிகள் நம் மலைகளிலேயே நிறைய உண்டு, எல்லாம் கலந்துவிடும். தவிர, அந்தத் தீவுகளில் ‘மரோன்’ என்பது, எஜமானனிடமிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடிய அடிமைகளையும் குறித்த சொல். தீவு மக்கள் வைத்த பெயர் அப்படியே இருக்கட்டும்.

கட்டுரையில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

‘கஃபே மரோன் கன்று வேற்றுரு உடைய மரம். அதன் கன்றிலை ஒடுங்கிய பழுப்பு. மரவிலை அகன்ற பச்சை. போத்து நட்டு வளர்த்தால் கன்றிலையைப் பார்க்க முடியாது.’

பத்து வயதுப் பெண் ஒருத்தியிடம் வாசித்துக் காட்டினேன். ‘போத்து’ மட்டும் என்னவென்று கேட்டாள், முருங்கையைக் காட்டியதும் புரிந்துகொண்டாள். மற்ற எதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

கடைசியாக, யாழ்ப்பாண நண்பர்களுக்கு ஒரு கேள்வி. பனங்கொட்டை முளைத்து மேலே வரும் முதல் ஓலையைப் ‘பீலி’ என்பீர்கள், பிறகு வடலி, அதற்குப் பிறகு பனை. பீலி பிரியாமல் நீட்டமாக இருக்கும், பெரிய பனையோலை விசிறியாக விரியும். வயதுக்கு வயது ஓலை மாறுவதை இவ்வளவு நுட்பமாகப் பெயரிட்டிருப்பதால், இரண்டையும் பிரித்துச் சொல்ல ஓலைக்கும் தனிப் பேச்சுவழக்கு ஏதாவது உங்கள் பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுத முடியுமா? கட்டுரையை இந்த மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும்.

அன்புடன்