மைக்ரோஸ்கோப்பில் சிஸ்ட் தெரிகிறது, பிசிஆரில் நெகட்டிவ். எங்கே தப்பு?

மாலைப்பணி:
வணக்கம். ஒட்டுண்ணிப் பிரிவில் இருக்கிறேன். மூன்று வாரமாக 10% ஃபார்மலினில் இருந்த மல மாதிரி ஒன்று. அயோடின் போட்டுப் பார்த்தால் நான்கு உட்கருவோடு சிஸ்ட் (ஒட்டுண்ணியின் உறை மூடிய நிலை) தெளிவாகத் தெரிகிறது. என்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவா, தொந்தரவு தராத டிஸ்பாரா என்று சிஸ்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் போட்டேன். இரண்டுமே நெகட்டிவ்! இன்டர்னல் கண்ட்ரோல் (சோதனை சரியாக ஓடியதா என்று பார்க்க நாமே சேர்க்கும் டிஎன்ஏ) ஒழுங்காக வந்திருக்கிறது. ஹிஸ்டோலிட்டிகா என்றால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். இந்த முடிவை அனுப்ப மனம் வரவில்லை.

நீலக்குப்பி:
பித்த உப்பு மாதிரிப் பொருட்கள் மலத்தில் நிறைய இருக்கும், பிசிஆரைத் தடுக்கும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டுப் பாருங்களேன்.

மாலைப்பணி:
அதையும் செய்தேன். வரவில்லை.

பழைய ஆய்வகர்:
தடை இருந்தால் இன்டர்னல் கண்ட்ரோலும் அடிவாங்கியிருக்கும். அதை எப்போது சேர்க்கிறீர்கள்? டிஎன்ஏ பிரித்தெடுக்கும்போதுதானே? சிஸ்டின் டிஎன்ஏ மூன்று வாரம் ஃபார்மலினில் கிடந்தது. கண்ட்ரோல் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் அது எப்படிச் சாட்சி சொல்லும்?

ஃபார்மலின் புரதத்தையும் டிஎன்ஏவையும் பிணைத்துவிடும், இழையையும் துண்டாக்கும். நாளாக ஆக மோசம். சிஸ்ட் வடிவம் குலையாமல் உங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரிவதும் அதே பிணைப்பால்தான்.

தயவுசெய்து நெகட்டிவ் என்று அனுப்பாதீர்கள். புது மாதிரி கேளுங்கள். வந்ததும் கொஞ்சத்தை ஃபார்மலினுக்கு எடுத்துவிட்டு, மீதியை எதுவும் கலக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஓரிரு நாளில் வேலை முடியாது என்றால் மைனஸ் 20, அல்லது 95% எத்தனால். சிஸ்ட் எல்லா நாளும் வெளியே வராது, இரண்டு மூன்று நாள் மாதிரி வாங்கினால் நல்லது.

நீலக்குப்பி:
சரி, நான் தவறாகச் சொல்லிவிட்டேன். உறைய வைப்பதாக இருந்தால் சின்னக் குழாய்களில் பிரித்து வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் டிஎன்ஏ சிதையும்.

மாலைப்பணி:
கண்ட்ரோல் எந்தக் கட்டத்தில் சேருகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. நன்றி ஐயா. முதல் நாள் மாதிரி காலையில் வந்தது, ஃபார்மலின் படாத பங்கை அன்றே போட்டேன். ஹிஸ்டோலிட்டிகா பாசிட்டிவ், சிடி (சிக்னல் தெரியவந்த பிசிஆர் சுற்று) 27. மருத்துவருக்குப் போனில் சொல்லிவிட்டேன். ஃபார்மலின் குப்பிகள் எல்லாவற்றிலும் ‘பிசிஆருக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.