புத்தாண்டுக்கு மூன்று நிற சப்பின்-சப்பின்: அடுக்குகள் கழன்று வருவது ஏன்?

கேள்வி: பிடாக்மஞ்சள் (யாங்கோன்)

சித்திரைப் பிறப்பும் பர்மியப் புத்தாண்டான திஞ்சானும் ஒரே வாரம். வாசலில் சதுதித்தா (வருவோருக்கெல்லாம் உணவு தானம்) வைக்கும்போது மொன்-லோன்-யேபோவோடு (வெல்லம் வைத்த ஒட்டரிசி உருண்டை) பிலிப்பைன்ஸ்காரர்களின் அடுக்குப் பண்டமான சப்பின்-சப்பினையும் வைக்கலாம் என்று திட்டம். ஊதா, மஞ்சள், வெள்ளை மூன்று நிறம். 70 துண்டு வேண்டும்.

சோதனைத் தட்டின் கணக்கு: ஒட்டரிசி மாவு 300 கிராம், பெட்டியில் வரும் தேங்காய்ப் பால் 800 மில்லி, சர்க்கரை 250 கிராம். மாவைச் சமமாக மூன்று பங்கு பிரித்து, ஒன்றில் கிழங்கு, ஒன்றில் பலாப்பழம். ஒவ்வோர் அடுக்கும் 20 நிமிடம் அவித்து, நன்றாக ஆறிய பிறகு அடுத்தது.

வெட்டும்போது மஞ்சள், ஊதாவை விட்டுத் தோல் உரிவதுபோல் கழன்றது. வெள்ளையின் மேல் முழுக்கக் குழி. ஊதா மட்டும் அளவுக்கு மீறித் தடிமன். மேலே தூவும் லாத்திக் (தேங்காய்ப் பாலைக் காய்ச்சினால் வரும் பொரிந்த கசண்டு) வரவே இல்லை. முக்கால் மணி நேரம் காய்ச்சியும் பால் கஞ்சி மாதிரியே நின்றது. கரண்ட்டை நம்ப முடியாததால் கரி அடுப்பு, இட்லிப் பானை. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1: மோல்மேன் அடுப்படி

ஆற வைத்ததுதான் முதல் பிழை. தகாலோக் மொழியில் 'சப்பின்' என்றாலே அடுக்கு. அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிப்பது மாவுச்சத்துப் பசையால். சூட்டில் மேல்பரப்பு பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒட்டும். ஆறவிட்டால் தேங்காய் எண்ணெய் மேலே கசிந்து படலமாக நிற்கும். அதன் மேல் எதை ஊற்றினாலும் வழுக்கும்.

அளவும் மாற வேண்டும். தனி ஒட்டரிசி மாவு போட்டால் வெட்டிய துண்டு நிற்காது, இழுபடும். கொஞ்சம் பச்சரிசி மாவு கலந்தால் நிற்கும். 9 அங்குல வட்டம், 2 அங்குல உயரமுள்ள ஒரு தட்டுக்கு:

காய்ந்த ஒட்டரிசி மாவு 280 கிராம்
பச்சரிசி மாவு 60 கிராம்
தேங்காய்ப் பால் 800 மில்லி (முதல் பாலும் இரண்டாம் பாலும் சேர்த்து)
கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், 390 கிராம்
சர்க்கரை 130 கிராம், உப்பு அரை டீஸ்பூன்
அவித்து மசித்த ஊதா வள்ளிக்கிழங்கு 170 கிராம்
அரைத்த பலாச்சுளை 80 கிராம்

கிழங்கும் பலாவும் தவிர மற்றதெல்லாம் கரைத்து வடிகட்டினால் ஏறக்குறைய 1,660 கிராம் வரும். இதைச் சமமாகப் பிரித்ததால்தான் உங்களுக்கு ஊதா தடித்தது, கிழங்கின் எடையும் அதன் தலையில் ஏறிவிட்டது. தராசில் வைத்து வெள்ளைக்கு 630, மஞ்சளுக்கு 560, ஊதாவுக்கு 470 என்று பிரியுங்கள். கிழங்கும் பலாவும் சேர்ந்ததும் மூன்றும் 630, 640 என்று ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். கிழங்கு மாவு தோசை மாவை விடக் கெட்டியாகத் தெரிந்தால் இரண்டு மூன்று ஸ்பூன் தேங்காய்ப் பால் விட்டு இளக்கலாம்.

ஊதா அடியில். தட்டில் எண்ணெய் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையை வெட்டிப் போட்டு, இலை மேலும் எண்ணெய் தடவி ஊற்றுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டு உள்ளே போக வேண்டும். 12 நிமிடத்தில் விரலால் தொட்டுப் பாருங்கள்: மாவு விரலோடு வரக்கூடாது, ஆனால் லேசாகப் பிசுக்க வேண்டும். மேலே தண்ணீரோ எண்ணெயோ நின்றால் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து (தேய்க்காதீர்கள்), உடனே மஞ்சள். கரண்டியின் முதுகில் விழுமாறு ஊற்றினால் கீழ் அடுக்கில் பள்ளம் விழாது. மஞ்சளுக்கு 15 நிமிடம். வெள்ளைக்கு 25 முதல் 30, ஏனென்றால் தட்டின் சூடு இரண்டு அடுக்கைத் தாண்டி மேலே வரவேண்டும். நடுவில் குச்சி செருகினால் பால் நிறத்தில் ஈரமாவு ஒட்டி வரக்கூடாது.

ஒவ்வொரு முறை ஊற்றுமுன்னும் அந்தப் பாத்திரத்தை அடிவரை கலக்குங்கள். காத்திருக்கும் கால் மணி நேரத்தில் மாவு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே உள்ள தண்ணீர்ப் பால் மட்டும் விழுந்தால் அந்த அடுக்கு எத்தனை நேரம் அவித்தாலும் இறுகாது. பலரும் அடுப்பைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான்.

குழிக்குக் காரணம் மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர், அல்லது மிஞ்சிய தணல். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டி, நான்கு முனையையும் மேலே தூக்கி முடிச்சுப் போடுங்கள். கரி அடுப்பில் தொங்கும் துணி தீப்பிடிக்கும். முதல் கொதிக்குப் பிறகு கொஞ்சம் கரியைத் தள்ளிவிடலாம். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவி போவதால் தண்ணீர் வற்றும். பானை அடியில் ஒரு நாணயம் போட்டு வையுங்கள், தடதட சத்தம் நின்றால் தண்ணீர் இல்லை. சேர்ப்பது கொதிநீராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி, பாதி வெந்த அடுக்கு சுருங்கிவிடும்.

பதில் 2: தேங்காய்க் கீற்று

லாத்திக் பற்றி மட்டும். பெட்டிப் பாலில் அது வராது, வந்தாலும் அரைகுறைதான். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருப்பதற்கென்றே அதில் பொருள் சேர்த்திருக்கிறார்கள். லாத்திக்குக்கு அவை பிரிந்தே ஆக வேண்டும்.

முற்றிய தேங்காய் ஒன்றைத் துருவி, அரை கப் வெந்நீர் மட்டும் விட்டு முதல் பால் பிழியுங்கள். அடி கனமான சட்டியில் நடுத்தர தணல். முதலில் குழம்பாகும், பிறகு தயிர்போல் திரியும், பிறகு எண்ணெய் ஒதுங்கி வெள்ளைக் கசண்டு மிதக்கும். அதுவரை அவ்வப்போது கிண்டினால் போதும், அதற்குமேல் கையை எடுக்கக் கூடாது. பொன்னிறத்துக்கு ஒரு படி முன்பே இறக்குங்கள், சட்டிச் சூட்டிலேயே மீதி சிவந்துவிடும். கரும்பழுப்பானால் கசப்பு, அதைக் காப்பாற்ற வழியில்லை. வடிகட்டிய எண்ணெயை எறியாதீர்கள். தட்டுக்கும் இலைக்கும் கத்திக்கும் தடவ அதைவிட நல்லது கிடையாது.

சமையல் குறிப்புகளில் ஒரு குழப்பம் உண்டு. பிலிப்பைன்ஸின் வடபகுதியான லூசோனில் லாத்திக் என்றால் இந்தப் பொரிந்த கசண்டு. நடுவிலுள்ள விசாயாவில் அதே பெயர் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் காய்ச்சிய பாகுக்கு. பாகைத் தூவ முடியாது, அது வேறு பண்டத்துக்கு.

பதில் 3: கிழங்குச் சந்தை

ஊதா அடுக்குக்குப் பிலிப்பைன்ஸில் போடும் ஊபே என்பது நம் பெருவள்ளிக் கிழங்கின் ஊதா வகை, யாழ்ப்பாணத்தார் இராசவள்ளி என்பார்கள். கிடைக்காவிட்டால் ஊதாச் சர்க்கரைவள்ளி போடலாம். அது இனிப்பு கூடியது, ஆகவே ஊதாப் பங்கில் கொஞ்சம் சர்க்கரை குறையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சேப்பங்கிழங்கு வேண்டாம், நிறம் சாம்பலாகத்தான் வரும்.

70 துண்டுக்கு மூன்று தட்டு; அதற்கு மசியல் 510 கிராம் வேண்டும். தோல், நார், கழிவு போக அரை வீசை (சுமார் 815 கிராம்) வாங்கினால் தாராளம். தோலோடு முழுதாக அவியுங்கள். வெட்டித் தண்ணீரில் வேகவைத்தால் ஊதா நிறம் தண்ணீரோடு போகும். சூட்டோடு சல்லடையில் தேய்த்து எடுங்கள், கட்டி இருந்தால் அடுக்கில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பச்சைக் கிழங்கை அரைத்து மாவில் கலக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், தொண்டை அரிக்கும்.

சோடா மாவு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அந்த ஊதா காரத்தில் நீலமாகும், பச்சையாகவும் திரும்பும். புளிப்பு பட்டால் சிவக்கும். மஞ்சளுக்குப் பலா மட்டும் போட்டால் வெளிறிய நிறம்தான். மஞ்சள்தூள் கால் டீஸ்பூனில் பாதி சேர்த்தால் பிடாக் பூ நிறம் வரும், வாடையும் தெரியாது. கால் டீஸ்பூனைத் தாண்டினால் குழம்பு வாசம்! பலாவை அரைத்தே சேர்க்க வேண்டும். துண்டாகப் போட்டால் அடியில் உட்கார்ந்து, அடுக்கு பிரிவதற்கு அதுவே இடமாகிவிடும்.

பிடாக்மஞ்சள் (கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். திஞ்சான் சமயத்தில் மொன்-லோன்-யேபோவுக்கென்று அரைத்துத் துணியில் பிழிந்த ஈர மாவு சுலபமாகக் கிடைக்கிறது, அதையே போடலாமா? முந்தின இரவே செய்து வைக்கலாமா? இத்தனை பாட்டுக்குப் பதில் சௌச்சோ (பர்மியத் தேங்காய்ப் பால் கடற்பாசி இனிப்பு) மாதிரி கடற்பாசியில் அடுக்கினால் என்ன?

பதில் 4: மோல்மேன் அடுப்படி

ஈர மாவு தாராளமாகப் போடலாம், காய்ந்த மாவைவிட வழவழப்பாக வரும். 280 கிராம் காய்ந்த மாவுக்கு ஈடாக ஏறக்குறைய 450 கிராம் ஈர மாவு எடுத்து, தேங்காய்ப் பாலில் 170 மில்லி குறையுங்கள். குறைக்க வேண்டியது இரண்டாம் பாலில். அன்றைக்கு அரைத்ததாக இருக்க வேண்டும். இந்த வெயிலில் ஒரு நாள் தாண்டினால் புளிக்கும், புளித்தால் ஊதாவும் நிறம் மாறும்.

முந்தின இரவு வேண்டாங்க. ஏப்ரல் சூட்டில் தேங்காய்ப் பால் பண்டம் வெளியே காலைவரை தாங்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெடாது, ஆனால் ரப்பர் மாதிரி இறுகும். இறுகிவிட்டால் 8 முதல் 10 நிமிடம் மறுபடி ஆவி காட்டினால் இளகும், முதல் நாள் மென்மை முழுக்கத் திரும்பாது. இரவில் கிழங்கை மசித்து, மாவு வகைகளை அளந்து, லாத்திக் செய்து வையுங்கள். விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் ஐந்தேமுக்காலுக்கு இறக்கலாம். பிறகு மூன்று மணி நேரம் ஆறட்டும். சூட்டில் வெட்டினால் மூன்று நிறமும் கத்தியோடு கலங்கி வரும்.

ஒரு தட்டு 24 துண்டு, மூன்று தட்டில் 72. பானையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் தட்டுக்கு ஆவி குறையும். ஒவ்வோர் அடுக்குக்கும் நாலைந்து நிமிடம் கூட்டுங்கள். ஆறியதும் ஓரத்தைக் கத்தியால் விடுவித்து, எண்ணெய் தடவிய வாழையிலை பரப்பிய வட்டத் தட்டில் கவிழ்த்தால் ஊதா மேலே வரும். பிலிப்பைன்ஸில் பிலாவோ என்னும் முறம் போன்ற வட்டத் தட்டில்தான் வைப்பார்கள்; நம் சுளகு பொருத்தமாக இருக்கும். லாத்திக் பரிமாறும்போது மட்டும் தூவுங்கள். முன்பே தூவினால் ஈரம் ஏறி நமுத்துப்போகும்.

பதில் 5: தேங்காய்க் கீற்று

சௌச்சோ வேறு இனம். கடற்பாசி 40 டிகிரிக்குக் கீழே தானாக இறுகும், திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். அதனால் வெயிலிலும் நிற்கும், வேலையும் குறைவு. மெதுவாக ஆறும்போது தேங்காய்க் கொழுப்பு மேலேறி அதுவே இரண்டு அடுக்காகப் பிரிந்துகொள்ளும். ஆனால் கடித்தால் நறுக்கென்று உடையும். சப்பின்-சப்பின் மெல்லும்போது இழுபட வேண்டிய பண்டம். ஒன்றுக்கு இன்னொன்று மாற்று இல்லை, பந்தலில் இடம் இருந்தால் இரண்டையும் வையுங்கள்.

வெட்டும் கத்தியை வாட்டிய வாழையிலைத் துண்டால் இறுக்கிச் சுற்றி, இலை மேல் அந்தத் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள்ளுங்கள். வெறும் இரும்பு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒட்டும். அறுக்க வேண்டாம், மேலிருந்து நேராக அழுத்தி எடுங்கள்.