எஸ்ஏடி மதிப்பெண்ணைக் கொடுக்காமல் விண்ணப்பித்தவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் 12ஆம் வகுப்புப் படிக்கும் என் மகளின் பள்ளி மதிப்பெண்கள் மிக நன்றாக இருந்தும், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் இரண்டு முறையும் அவளால் 1600க்கு 1280ஐத் தாண்ட முடியவில்லை. எம்ஐடி 2022இலும், ஹார்வர்டு, டார்ட்மத் ஆகியவை 2024இலும் தேர்வு மதிப்பெண் மீண்டும் கட்டாயம் என்று அறிவித்துவிட்டதால், அவற்றைப் பட்டியலிலிருந்து அவளே அடித்துவிட்டாள். எனக்குத்தான் மனம் வரவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை என்பதால் அங்கே குழப்பமில்லை. 1969 முதல் இதை மாணவரின் விருப்பத்துக்கே விட்டிருக்கும் போடின் போன்ற கல்லூரிகளில்தான் தடுமாறுகிறோம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவத்தில், மதிப்பெண்ணைக் கொடுக்கிறீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டையும் மூன்று நாளாக மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருக்கிறாள். மதிப்பெண் கொடுக்காமலே இடம் பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் இங்கிருந்தால், கட்டுரையில் எதை அழுத்திச் சொன்னீர்கள் என்பதையும், உதவித்தொகைக்கு அது தடையாக இருந்ததா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.